பனி பெஞ்சா லீவா, அம்மா?

டொரன்டோவில் ஸ்கார்பரோ பக்கம் இருக்கும் என் தங்கை ஒரு ஜனவரி மாலை வீடியோ காலில் வந்தாள். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரே வெள்ளை. "பசங்களுக்கு இன்னிக்கு லீவுக்கா, அவ்வளவு பனி" என்றாள். என் மடியிலிருந்த ஏழு வயது மகள் நிமிர்ந்தாள். "பனி பெஞ்சா லீவா? மார்கழி பூரா நமக்கும்தான் பனி பெஞ்சுது. எங்களுக்கு ஏம்மா விடல?"

அவள் கேட்டது நியாயம்தான். எங்கள் ஊர் பென்னலூரில் மார்கழி விடியலில் ஏரிக்கரையே கண்ணுக்குத் தெரியாது. ஹைவேயில் கம்பெனி பஸ்கள் லைட் போட்டபடி ஊர்ந்து வரும். அவளுக்குத் தெரிந்த பனி அதுதான். அவளுக்கும் தெருப் பிள்ளைகள் நான்கு பேருக்கும் விளங்க வைக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அதில் நான் கற்றுக்கொண்டவை இவை.

1. முதலில் சொல்லைப் பிரித்துக் காட்டுங்கள்

தமிழில் எல்லாமே பனிதான். அதனால் நான்காகப் பிரித்தேன். ரோட்டை மறைப்பது மூடுபனி. புல் நுனியில் நிற்பது பனித்துளி. டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் புல்வெளியை வெளுக்க வைப்பது உறைபனி. மேகத்திலிருந்து இறங்குவது வெண்பனி. "அப்போ ஆலங்கட்டி மழை?" என்றான் ஒருவன். அது கல்லாக விழும். வெண்பனி ஆறு முனை கொண்ட சின்னச் சின்னப் படிகங்களாக, மெதுவாக இறங்கும் என்றேன்.

2. தெர்மாகோல் வேண்டாம்

முதல் நாள் நான் தெர்மாகோலை உதிர்த்துக் காட்டினேன். "ஏன் சில்லுனு இல்ல? ஏன் உருகல?" என்று கேட்டார்கள். மறுநாள் எங்கள் பழைய ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரைத் திறந்து, சுவரில் பூத்திருந்த வெள்ளையைக் கரண்டியால் சுரண்டி உள்ளங்கையில் வைத்தேன். காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகாமலேயே நேராக ஐஸாக மாறியது அது. குளிர்ந்த மேகத்துக்குள் பனிப் படிகம் வளர்வதும் இப்படித்தான். கையில் அது கரைவதை ஐந்து பேரும் பேசாமல் பார்த்தார்கள்.

3. மழை லீவைப் பிடித்துக்கொள்ளுங்கள்

நம் பிள்ளைகளுக்கு மழை லீவு அத்துப்படி. விடியற்காலை டி.வி. முன்னால் நின்று, கலெக்டர் நம்ம மாவட்டத்தைச் சொல்லிவிட்டாரா என்று பார்ப்பவர்கள். அங்கேயும் விடிவதற்குள் பள்ளி நிர்வாகம் முடிவு சொல்லும். பல நாள் பஸ் மட்டும் ஓடாது, பள்ளி திறந்திருக்கும். 2022 ஜனவரி 17 அன்று டொரன்டோவில் ஒரு அடிக்கு மேல் பனி விழுந்து பள்ளிகளையே மூடினார்கள். ஸ்கேலைக் காலோடு வைத்து அளக்கச் சொன்னேன். பலருக்கு முட்டி வரை வந்தது.

4. 'ஏன் போக முடியாது?' என்பதற்குப் பாசிப் படிக்கட்டு

மழைக்காலத்தில் மாடிப்படியில் வழுக்கி விழாத பிள்ளை எங்கள் தெருவில் இல்லை. பஸ்ஸின் டயருக்கு உறைந்த ரோடு அப்படித்தான். அதனால் அங்கே ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள். இரண்டு ஐஸ் கட்டிகளைத் தட்டில் வைத்து ஒன்றின் மேல் கல்லுப்பைத் தூவினோம். உப்புப் பட்டதில் குழி விழுந்து சீக்கிரம் கரைந்தது. உப்புத் தண்ணீர் உறைய இன்னும் அதிகக் குளிர் வேண்டும், அதனால்தான்.

5. நம் ஊர்க் கணக்கைச் சொல்லுங்கள்

1 செ.மீ. மழை, பனியாக விழுந்தால் ஏறத்தாழ 10 செ.மீ. உயரம் நிற்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது பக்கத்துச் செம்பரம்பாக்கத்தில் ஒரே நாளில் 47 செ.மீ. மழை. அதைப் பத்தால் பெருக்கச் சொன்னேன். நாலரை மீட்டருக்கு மேல் வந்தது. பெருக்கி முடித்த பையன் எங்கள் மொட்டை மாடியை அண்ணாந்து பார்த்தான்.

6. யாருக்கு லீவு இல்லை என்பதையும் சொல்லுங்கள்

லீவு என்றால் பனியில் பொம்மை செய்து விளையாடுவது மட்டும்தான் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. பிள்ளைகள் பத்திரமாக இருக்கத்தான் லீவு. அன்றைக்கும் யாரோ இருட்டில் எழுந்து வண்டியால் ரோட்டுப் பனியைத் தள்ளுகிறார்கள். என் தங்கை வாசலை மண்வாரியால் வாரிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறாள்.

இது புரிந்ததா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. நவம்பரில் மழை லீவு விட்ட ஒரு காலை, மகள் என் போனை எடுத்துத் தங்கை மகனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். "அண்ணா, எங்களுக்கு இன்னிக்கு லீவு. உங்க ஊர் பனி மாதிரி இங்க மழை. ஏரி ரொம்பிடுச்சு, ரோட்டுல தண்ணி, பஸ் வராது." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்பாவுக்கு மட்டும் காலை ஷிப்ட். குடை எடுத்துட்டுத்தான் போயிருக்காரு."