எழுதுபவர் ஒருவர், விதி வகுப்பவர் வேறொருவர்

கேள்வி: காமம் தூக்கலான காதல் கதைகளை எழுதித் தாங்களே மின்னூலாக வெளியிடும் அமெரிக்க, பிரிட்டன் எழுத்தாளர்கள் சுலபமாகச் சம்பாதிக்கிறார்களாமே?

பதில்: சம்பாதிப்பவர்கள் உண்டு, சுலபமாக என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. அட்டை, பிழைதிருத்தம், விளம்பரம் எல்லாம் கைக்காசு. அதுகூடப் போகட்டும், எந்த நூலுக்கும் உள்ள செலவுதான். இவர்களின் பிழைப்பை ஆட்டிவைப்பது கடைக்காரரின் விதி. 2014-இல் அமேசான் கொண்டுவந்த கிண்டில் அன்லிமிடெட் சந்தாத் திட்டத்தில், வாசகர் ஒரு நூலில் 10 சதவீதத்தைத் தாண்டினாலே எழுத்தாளருக்கு முழுத் தொகை கிடைத்தது. முப்பது பக்கக் கதைக்கும் முந்நூறு பக்க நாவலுக்கும் ஒரே கூலி! குறுங்கதைகளை எழுதிக் குவித்தவர்களுக்கு நல்ல காலம். 2015 ஜூலையில் படித்த பக்கத்துக்கு மட்டுமே பணம் என்று மாற்றினார்கள். அந்தக் கணக்கு கவிழ்ந்தது. அதற்கு முன்பே, 2013 அக்டோபரில் பிரிட்டனில் சில காம நூல்கள் மீது சர்ச்சை கிளம்பியபோது, கோபோ என்ற மின்னூல் கடை அங்கே சுயவெளியீட்டு நூல்களை ஒட்டுமொத்தமாக விலக்கியது. காமத்துக்குச் சம்பந்தமில்லாதவையும் சேர்ந்தே போயின.

‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’ என்ற காம நாவலை எழுதியவர் கோடிகளைக் குவிக்கவில்லையா என்பீர்கள். குவித்தார், 2012-இல் பெரிய பதிப்பகம் வாங்கி உலகெங்கும் கொண்டுபோன பிறகு. சரி, தன் கடையில் எதை வைப்பது என்று தீர்மானிக்கக் கடைக்காரருக்கு உரிமை இல்லையா? நிச்சயம் உண்டு. ஆனால் எந்த அட்டைப்படம், எந்தத் தலைப்பு எல்லை மீறியது என்பதைப் பெரும்பாலும் நூல் தேடலிலிருந்து மறைந்த பிறகே எழுத்தாளர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. வேறு கடைக்குப் போகலாமே என்றால், சந்தாத் திட்டத்தில் சேர்த்த மின்னூலை அதற்கான பதிவுக் காலம் முடியும்வரை வேறெங்கும் விற்கக் கூடாது என்பது அமேசானின் நிபந்தனை.