சியாமென் நகரில் கண்ட நிலாத் திருவிழா



கல்வி என்பது பாடநூலோடு முடிந்துவிடுவதன்று. அயலார் ஒருவரின் விழாவில் கலந்துகொள்வதும் ஒரு கல்வியே. யாம் அயல்நாட்டில் மாணவராக இருந்தபோது பெற்ற அத்தகைய பாடம் ஒன்றை இவ்வாண்டு மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

எமது இளமைப் பருவத்தில், தோட்டத்தை அடுத்த சிற்றூரில் ஒரு சீனர் மளிகைக் கடை நடத்தி வந்தார். சம்பள நாள் வரும்வரை 555 புத்தகத்தில் கணக்கெழுதி, அரிசியும் பருப்பும் கடனாகக் கொடுப்பார். ஆண்டுக்கு ஒரு முறை, எம் தாயாரின் கையில் ஒரு மூன்கேக்கை வைத்து, "பிள்ளைகளுக்குக் கொடுங்கள்" என்பார். அதனை எட்டுத் துண்டுகளாக்கி உண்டு மகிழ்ந்தோம். அஃது என்ன விழா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் பெயரைக்கூட அறிந்ததில்லை. 'தவுக்கே' என்றே அழைத்தோம்.

ரப்பர் எழுப்பிய பல்கலைக்கழகம்

2008ஆம் ஆண்டில், சீன மொழி பயிலும் பொருட்டுச் சீனாவின் தென்கிழக்குக் கரையிலுள்ள சியாமென் நகருக்குச் சென்றோம். அந்நகரின் பல்கலைக்கழகத்தை 1921ஆம் ஆண்டில் நிறுவியவர் டான் கா கீ. பதினாறு வயதில், 1890ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்து, அன்னாசியிலும் ரப்பரிலும் பெரும்பொருள் ஈட்டியவர் அவர். 1934ஆம் ஆண்டில் அவருடைய நிறுவனம் மூடப்பட்டது. அதன் பின்னரும், 1937ஆம் ஆண்டில் அரசு பொறுப்பேற்கும் வரை, அவர் பல்கலைக்கழகத்தைக் கைவிடவில்லை. நம் பாட்டன்மார் வெட்டிய அதே பால்மரம் கடலுக்கு அப்பால் ஒரு கல்விக்கூடத்தை எழுப்பியிருப்பதைக் கண்டு எம் உள்ளம் நெகிழ்ந்தது. அப்பல்கலைக்கழகத்தின் மலேசியக் கிளை 2016ஆம் ஆண்டில் செப்பாங்கில் தொடங்கப்பட்டதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

அங்காடித் தெருவில் மீன் விற்போரின் பேச்சைக் கேட்டபோது மற்றொரு வியப்பு. அது தவுக்கே தம் மனைவியோடு பேசிய ஹொக்கியன் மொழியின் ஓசையே! அவருடைய முன்னோர் கப்பலேறிய கரை இதுவே என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

விழாவின் பொருள்

சீனச் சந்திர நாட்காட்டியின் எட்டாம் மாதத்துப் பதினைந்தாம் நாள் முழுநிலவு நாளாகும். அதுவே நடு இலையுதிர்கால விழா. நம் நாட்டில் மூன்கேக் விழா என்றும் தங்லோங் விழா என்றும் வழங்குவது இதுவே. 2008ஆம் ஆண்டில்தான் சீன அரசு முதன்முறையாக இதற்குப் பொது விடுமுறை அளித்தது. அவ்வாண்டு செப்டம்பர் 14ஆம் நாள் விழா வந்தது.

வானத்தில் பத்துக் கதிரவர்கள் தோன்றி உலகை வாட்டியபோது, ஹோவ் யீ என்னும் வில்லாளன் ஒன்பது கதிரவர்களை எய்து வீழ்த்தினான். அவன் மனைவி சாங் அ, சாவா மருந்தை உண்டு நிலவுக்குப் பறந்து சென்றாள். அங்கே ஒரு முயல் மருந்து இடித்துக்கொண்டிருக்கிறது. இவ்வாறு செல்கிறது அவர்களது கதை. நிலவில் வடை சுடும் பாட்டியைக் காணும் நமக்கும் அந்த முயல் புதியதன்று. நிலவுக்குரிய 'சசாங்கன்' என்னும் பெயரின் பொருள், முயலை அடையாளமாகக் கொண்டவன் என்பதே.

வட்டமான நிலவு குடும்பம் ஒன்றுகூடுவதன் அடையாளம். ஆதலின், அன்றிரவு வெளியூரிலிருப்போரும் வீடு திரும்ப முயல்வர். திரும்ப இயலாத அயல்நாட்டு மாணவர்களாகிய எங்களை எம் ஆசிரியை தம் இல்லத்திற்கு அழைத்திருந்தார்.

ஆறு பகடைகள்

உணவு முடிந்ததும், மேசை நடுவே ஒரு பெரிய பீங்கான் கிண்ணமும் ஆறு பகடைகளும் வைக்கப்பட்டன. இது சியாமென் வட்டாரத்துக்கே உரிய விளையாட்டு. பதினேழாம் நூற்றாண்டில் கோக்சிங்கா என்னும் படைத்தலைவர் தைவானை மீட்க அங்கே பாசறை அமைத்திருந்தார். வீட்டு ஏக்கத்தால் வாடிய வீரர்களைத் தேற்ற இவ்விளையாட்டு புனையப்பட்டதாக வழிவழிக் கூறுவர்.

பகடையில் நான்கு என்னும் எண்ணே சிறப்புடையது. ஒரு நான்கு விழுந்தால் மிகச் சிறிய பணியாரம். இரண்டு நான்கு விழுந்தால் அதனிற் பெரியது. நான்கு பகடைகளில் நான்கு விழுந்தால் அனைத்திலும் பெரியது. பரிசுகள் ஆறு வகை: சிறியவை 32, அடுத்தடுத்து 16, 8, 4, 2, இறுதியில் 1. இவ்வாறு வகைகளுக்குப் பண்டைய சீன அரசுத் தேர்வின் பட்டப் பெயர்களையே சூட்டியுள்ளனர். கடைசிப் பரிசு 'சியூசாய்', தலைப்பரிசு 'சுவாங்யுவான்'. அத்தேர்வுகள் 1905ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டன. ஆயினும் விளையாட்டிலும் கல்வியையே உயர்வாக வைத்த மனப்பாங்கு நிலைத்துவிட்டது.

பகடை என்றதும் பெற்றோர் அஞ்ச வேண்டா. இங்கே பணயம் இல்லை. நம் பாட்டிமார் தாயம் ஆடியது போன்றதே இது. இந்நாளில் பணியாரத்துக்கு மாற்றாக வீட்டுப் பொருள்களும் பரிசாகின்றன. எமக்கு ஒரே ஒரு நான்கு விழுந்தது. சவர்க்காரக் கட்டி ஒன்று கிடைத்தது! அனைவரும் சிரித்த சிரிப்பில் ஊர் ஏக்கம் சற்று நேரம் மறைந்தது.

விடை தெரியாத வினா

பின்னர் மாடியில் நிலவைப் பார்த்திருந்தோம். "தமிழர்க்கும் முழுநிலவு விழா உண்டா?" என ஆசிரியை கேட்டார். தைப்பூசம் என்றோம், காவடியையும் பால்குடத்தையும் விவரித்தோம். "பூசம் என்றால் என்ன?" என்று அவர் மீண்டும் வினவினார். இருபதாண்டுகள் காவடியின் பின்னே நடந்தவர் யாம். ஆசிரியர் தொழிலும் புரிபவர். எமக்கு நா எழவில்லை. பூசம் ஒரு விண்மீன் என்பதையும், தை மாதத்து நிலவு அதனை அடுத்து நிற்கும் நாளே தைப்பூசம் என்பதையும் பிறகு படித்தே அறிந்தோம்.

அயலார் விழாவையும் கேட்டறியவில்லை. நம் விழாவையும் கேட்டறியவில்லை. அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஊர் திரும்பியதும் தவுக்கேயிடம் சென்று, அவர் ஊரைக் கண்டு வந்ததைக் கூறி, அவர் பெயரையும் கேட்க வேண்டும் என்று உறுதிபூண்டோம்.

மறு ஆண்டு திரும்பினோம். கடையின் பலகைக் கதவுகள் சாத்தியிருந்தன. அவர் காலமாகி மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் தலைநகரில் குடியேறிவிட்டனர். கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய காலத்தில் கேளாதவர்க்கு மறுவாய்ப்பு எப்போதும் கிடைப்பதில்லை.

மாணவர்களே! உங்கள் அண்டை வீட்டார் இன்று இருக்கிறார்கள். உங்கள் பாட்டியும் இருக்கிறார். ஒரு விழா வரும்போது பலகாரத்தோடு நின்றுவிடாமல், "இஃது ஏன்?" என்று பணிவோடு கேளுங்கள். பெற்றோர்களே! அவர்கள் கேட்கும்போது சலியாது விடை கூறுங்கள். தெரியாவிடில், அவர்களோடு சேர்ந்து தேடுங்கள்.

பயிற்சி

1. ஆறு வகைப் பரிசுகளின் மொத்த எண்ணிக்கை யாது? அவ்வெண்கள் எம்முறையில் வளர்கின்றன?
2. தமிழர் கொண்டாடும் முழுநிலவு விழாக்கள் இரண்டனை எழுதி, அவற்றின் காரணத்தைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.
3. உங்களுக்கு நாள்தோறும் உதவும் பிற இனத்தவர் ஒருவரின் பெயரைக் கேட்டறிந்து எழுதுக.