கடலில் எறியப்படாதவர்கள்

கேரளத்தில் கர்க்கடக மாதத்தை இராமாயண மாதம் என்று போற்றுகிறார்கள். நமது ஆடியே அவர்களுக்குக் கர்க்கடகம். வயலில் வேலை இல்லை, பத்தாயத்தில் நெல் அடிமட்டத்திற்கு வந்துவிட்டது, மழையோ ஓய்வதில்லை. 'பஞ்சக் கர்க்கடகம்' என்றே அம்மாதத்திற்கு முன்னோர் பெயரிட்டிருந்தனர். அத்தகைய குறைவின் காலத்தில்தான் அந்தி வேளையில் விளக்கேற்றி, துஞ்சத்து எழுத்தச்சன் கிளிப்பாட்டாக அருளிய அத்யாத்ம ராமாயணத்தை வீடுதோறும் பாராயணம் செய்கிறார்கள். மாதத்தின் முதல் நாள் தொடங்கி, இறுதி நாளில் பட்டாபிஷேகத்துடன் அது நிறைவுறும். மறுநாள் சிங்க மாதம் பிறக்கும். அடுத்து ஓணம் வரும். நிறைந்த களஞ்சியத்தின் முன் அமர்ந்து வாசிப்பதற்கென்று இந்த வழக்கம் ஏற்படவில்லை என்பது நம் சிந்தனைக்குரியது.

சில ஆண்டுகளுக்கு முன், கொச்சி மட்டாஞ்சேரியில் வாழும் தமிழ் அன்பர் ஒருவரது இல்லத்தில் இம்மாதப் பாராயணத்தில் கலந்துகொள்ளும் பேறு அடியேனுக்குக் கிடைத்தது. அவ்வீட்டில் மூலம் வால்மீகி, விளக்கம் தமிழில். யுத்த காண்டத்தில், அனுமன் மூலிகை மலையைக் கொணர்ந்ததும் மாண்ட வானரர் அனைவரும் எழுந்த கட்டத்தை வாசித்து முடித்தோம். அன்பரின் தமக்கையார் மெல்லக் கேட்டார்: "ஐயா, அத்தனை வானரர்களும் எழுந்தார்கள் என்று சொன்னீர்கள். என் பிள்ளை மட்டும் ஏன் எழுந்திருக்கவில்லை?"

கூடத்தில் இருந்த யாரும் பேசவில்லை. அடியேனிடமும் பதில் இல்லை. ஆத்மாவுக்கு அழிவில்லை என்ற வாக்கியம் நாவின் நுனிவரை வந்தது. அது உண்மையே, ஆயினும் அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருந்தால், அது அவருக்குப் பதிலாக இராமல், அடியேன் தப்பித்துக்கொள்ளும் வழியாகவே இருந்திருக்கும். பிறகு அன்பர் தனியே அழைத்துச் சொன்னார்: அப்பிள்ளை மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன, அக்காவின் மனம் நோகக் கூடாதென்று அவனது படங்களை எடுத்து வைத்துவிட்டார்கள், அவன் பெயரை அந்த வீட்டில் எவரும் உச்சரிப்பதில்லை.

மறுநாள் காலை, அருகிலுள்ள மட்டாஞ்சேரி அரண்மனைக்குச் சென்றேன். மனம் கேள்வியிலேயே இருந்தது.

மடியில் வைத்த மகுடம்

இந்த அரண்மனையை 1555ஆம் ஆண்டளவில் போர்த்துகீசியர் கட்டி, கொச்சி மன்னர் வீர கேரள வர்மாவுக்கு அளித்தனர். 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் அதைப் பழுதுபார்த்ததால் 'டச்சு அரண்மனை' என்ற பெயர் நிலைத்துவிட்டது. நடு முற்றத்தில் அரச குலதெய்வமான பழயன்னூர் பகவதி கோயில் கொண்டிருக்கிறாள். மாடியில் மன்னரின் பள்ளியறை இருக்கிறது. அதன் சுவர்களில் தசரதரின் புத்திரகாமேஷ்டி தொடங்கி ஸ்ரீராமர் அயோத்தி திரும்புவது வரை இராமகாதை ஓவியமாக விரிகிறது. காவியும் மஞ்சளும் பச்சையும் மிகுந்த, கேரள மரபுக்கே உரிய ஓவியங்கள். இடைவெளியே இல்லாமல் உருவத்தோடு உருவம் நெருங்கி நிற்கும். பொதுமக்கள் காண்பதற்கென்று எழுதியவை அல்ல இவை. மன்னன் உறங்குமுன் கடைசியாகவும், விழித்தவுடன் முதலாவதாகவும் காண வேண்டியவை. பட்டாபிஷேகத்திற்கு முந்திய நாள் வரை அரசகுமாரனாக இருந்தவன் மறுநாள் மரவுரி தரித்து வனம் புகுந்த கதையை, பட்டத்தில் இருப்பவனுடைய கட்டிலைச் சுற்றி எழுதி வைத்திருக்கிறார்கள்.

கொச்சி அரச குலத்திற்குப் பெரும்படப்பு ஸ்வரூபம் என்று பெயர். அவர்களுடைய ஆதி இருப்பிடம் இன்றைய மலப்புரம் மாவட்டத்துப் பொன்னானிப் பகுதியிலுள்ள வன்னேரி. தலைநகர் பின்னர் மகோதயபுரத்திற்கும், 1405இல் கொச்சிக்கும் மாறியபோதும், முடிசூட்டுச் சடங்கு நடக்க வேண்டிய இடமாக வன்னேரியே இருந்து வந்தது. அந்த வன்னேரி, கோழிக்கோட்டுச் சாமூதிரியின் வசமாயிற்று. இழந்த அந்த இடத்தை மீட்கும் வரை தலையில் முடி தரிப்பதில்லை என்று கொச்சி மன்னர்கள் விரதம் பூண்டதாக அரச மரபு கூறுகிறது. போர்த்துகீசியர் பொன்முடி வழங்கிய பின்னரும் அதைச் சிரசில் அணியாமல் மடியில் வைத்துக்கொள்வதே வழக்கமாயிற்று.

வன்னேரியில் அவர்கள் இழந்த அந்த முடிசூட்டு இடத்தின் பெயர் சித்திரகூடம்.

பரதன் அண்ணனைத் தேடிச் சென்று, பாதுகைகளைப் பெற்றுத் தலையில் சுமந்து திரும்பிய மலையின் பெயரும் அதுவே. பெயர் ஒற்றுமையை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் நிறுவ முற்படவில்லை. ஆனால் பள்ளியறைச் சுவரில் இராமகாதையைக் காணும் ஒரு கொச்சி மன்னனுக்கு அந்தப் பெயர் வேறு விதமாக ஒலித்திருக்காதா? பரதன் அரியணையை வெறுமையாகவும் வைக்கவில்லை. அதில் தானும் அமரவில்லை. இல்லாதவரின் பாதுகையை அங்கே எழுந்தருளச் செய்தான். அயோத்தி மக்கள் ஒவ்வொரு நாளும் தாம் இழந்தவரை நினைக்கும்படி பதினான்கு ஆண்டுகள் அது அங்கே இருந்தது. மடியில் வைத்த மகுடமும் அவ்வாறே. முடிசூட்டு விழா என்ற மங்கலத்தின் நடுவிலேயே, "எங்கள் குலம் இழந்த ஒன்று உண்டு" என்று சபையறியச் சொல்லும் செய்கை அது.

இழப்பு அவர்களுக்கு வெறும் பழங்கதையும் அன்று. தம்மிடம் அடைக்கலம் புகுந்த போர்த்துகீசியரை ஒப்படைக்க மறுத்தமைக்காக, 1503இல் சாமூதிரியின் படையெடுப்பைக் கொச்சி மன்னர் எதிர்கொண்டார். இளவரசர் மூவர் களத்தில் மாண்டனர். மன்னர் வைப்பீன் தீவில் தஞ்சம் புக நேர்ந்தது. அவ்வாண்டிலேயே போர்த்துகீசியக் கப்பற்படை வந்து அவரை மீண்டும் பதவியில் அமர்த்தியது உண்மை. அதன்பின், காத்தவர் காக்கப்பட்டவரின் கைக்குள் சென்றார் என்பதும் உண்மையே. அடைக்கலம் தந்தது பிழையா என்று கேட்டால், விபீஷண சரணாகதியைப் பயின்ற நாம் ஆம் என்று சொல்லத் துணிய மாட்டோம். அது எளிய கேள்வியும் அன்று.

அரண்மனையை அடுத்தே யூதர்களின் பரதேசி ஜெபாலயம் இருக்கிறது. 1568இல் எழுந்தது; 1662இல் போர்த்துகீசியரால் சேதமுற்றுப் பின்னர் சீரமைக்கப்பட்டது. நீலச் சீன ஓடுகளையும் விளக்குகளையும் காணவே பெரும்பாலோர் செல்கிறார்கள். அதன் வெளிமதிலில் ஒரு கல் பதிக்கப்பட்டுள்ளது. 1344ஆம் ஆண்டில் கொச்சங்காடியில் கட்டப்பட்ட ஜெபாலயத்தின் கல்வெட்டு அது. அந்த ஆலயம் இன்று இல்லை. இல்லாத ஆலயத்தின் கல்லை, இருக்கும் ஆலயத்தின் மதிலில், வருவோர் கண்ணில் படும்படி பதித்திருக்கிறார்கள்.

இராவணன் இட்ட ஆணை

அந்தக் கல்லின் முன் நின்றபோது, முந்திய மாலை வாசித்த ஸர்க்கத்தில் அவசரமாகக் கடந்துவிட்ட ஓரிடம் நினைவுக்கு வந்தது. யுத்த காண்டம், எழுபத்து நான்காம் ஸர்க்கம்.

இந்திரஜித்தின் பிரம்மாஸ்திரத்தால் ஸ்ரீராமரும் இலக்குவனும் வீழ்ந்து கிடக்கிறார்கள். 67 கோடி வானரர் ஒரு பகலின் சிறு பகுதிக்குள் வீழ்ந்தனர் என்கிறார் முனிவர். இரவு. விபீஷணனும் அனுமனும் கையில் தீப்பந்தம் ஏந்திக்கொண்டு, உயிரோடு யாரேனும் இருக்கிறார்களா என்று களம் முழுவதும் தேடி நடக்கிறார்கள். காவியத்தின் மிக இருண்ட இடம் இதுவே என்று எண்ணுகிறேன். அந்த இருவரும் எதையும் மூடவில்லை, எவரையும் தாண்டிச் செல்லவில்லை. ஒவ்வொரு முகமாகப் பந்தத்தைத் தாழ்த்திப் பார்க்கிறார்கள்.

உடலெங்கும் அம்பு தைத்துக் கிடக்கும் ஜாம்பவான், பார்வை தெரியாமல் குரலால் விபீஷணனை அறிந்து, அனுமன் உயிரோடு இருக்கிறானா என்று வினவுகிறார். இராமரையும் சுக்ரீவனையும் அங்கதனையும் விட்டு அனுமனை ஏன் கேட்கிறீர் என்று விபீஷணன் வியக்கிறான். அவன் இருந்தால் மாண்ட சேனையும் மாண்டதன்று. அவன் இல்லையெனில் உயிரோடிருக்கும் நாமும் மாண்டவர்களே என்பது அம்முதியவரின் விடை. தமக்குக் கண் தெரியாத நிலையிலும் எங்கே பற்ற வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மிருதஸஞ்ஜீவனி, விசல்யகரணி, ஸுவர்ணகரணி, ஸந்தானி என்னும் நான்கு மூலிகைகளையும் அவரே பெயர் சொல்லி விளக்கி அனுப்புகிறார். மூலிகைகள் மறைந்துகொள்ளவே, அனுமன் சிகரத்தையே பெயர்த்து வருகிறார். அந்த மணம் பட்டதும், இரவு கழிந்து துயில் எழுபவர் போல் அனைவரும் எழுகின்றனர். நம் கம்பர் இதற்கு 'மருத்துமலைப் படலம்' என்றே ஒரு படலம் வகுத்தார்.

இங்கே ஒரு ஐயம் எழ வேண்டும். மணத்திற்கு நண்பர், பகைவர் என்ற பேதம் இல்லை. அதே களத்தில் இறந்த அரக்கர்கள் ஏன் எழவில்லை? வால்மீகி முனிவரே விடை தருகிறார். போர் தொடங்கிய நாள் முதல், மாண்ட அரக்கர் உடல்கள் உடனுக்குடன் கடலில் எறியப்பட்டு வந்தன. இராவணனின் ஆணை அது. மானத்தின் பொருட்டு இட்ட ஆணை. எத்தனை பேர் மடிந்தனர் என்பது எவருக்கும் தெரியக் கூடாது.

ஆகவே, மருந்து வந்தபோது எழுவதற்கு அங்கே யாருமில்லை. வானரர்கள் தம் தோல்வியை விழுந்த இடத்திலேயே விட்டிருந்தார்கள். அரக்கர்கள் தம் தோல்வியை அப்புறப்படுத்திவிட்டார்கள்.

கீதையின் தொடக்கத்திலும் இதே வேறுபாட்டைக் காணலாம். துரியோதனன் துரோணரிடம் சென்று படைத்தலைவர்களின் பெயரை அடுக்குகிறான். உள்ளத்து நடுக்கத்தை அந்தப் பட்டியல் மூடுகிறது. அர்ஜுனனோ, உடல் நடுங்குகிறது, வில் நழுவுகிறது, மனம் சுழல்கிறது என்று ஒளிவின்றிச் சொல்கிறான். இரண்டாம் அத்தியாயம் ஏழாம் சுலோகத்தில் தன் தளர்ச்சியைத் தானே ஒப்புக்கொண்டு சீடனாகச் சரணடைகிறான். பகவானின் உபதேசம் அதற்குப் பிறகே தொடங்குகிறது. துரியோதனனுக்கும் குரு அருகிலேயே இருந்தார். அவரிடம் அவன் எதையும் கேட்கவில்லை.

எழாதவர்கள்

இவ்வளவும் எண்ணிய பின்னும் அந்த அம்மையாரின் கேள்வி தீர்ந்துவிடவில்லை. விழுந்த இடத்திலேயே கிடந்தும் எழாதவர்கள் உண்டு. ஜடாயுவுக்காக எந்த மலையும் வரவில்லை. ஸ்ரீராமர் தம் கையால் அவருக்கு ஈமக்கடன் செய்தார். தசரதர் எழவில்லை. இதை நாம் மறைத்துப் பேசினால் அதுவும் கடலில் எறிவதே ஆகும்.

போர் முடிந்தபின், தசரதர் ஒளியுடலோடு விமானத்தில் தோன்றி மைந்தனைத் தழுவுகிறார். ஆறுதல் மொழிகளுக்கெல்லாம் பிறகு ஸ்ரீராமர் தந்தையிடம் வேண்டியது ஒன்றே: கைகேயியையும் பரதனையும் துறந்தேன் என்று அன்று சொன்ன சொல் அவர்களைப் பற்றாதிருக்கட்டும். அதையடுத்து இந்திரன் வரம் தர முன்வந்தபோது, தமக்காகப் போரில் உயிர் நீத்த வானரர்கள் எழ வேண்டும் என்றும், அவர்கள் வாழும் இடங்களில் பருவமல்லாத காலத்திலும் கனியும் கிழங்கும் தெளிந்த நீரும் இருக்க வேண்டும் என்றும் கேட்டார். தந்தை அரசராக மீண்டு வர வேண்டுமென்று கேட்கவில்லை. பதினான்கு ஆண்டுகளைத் திரும்பக் கேட்கவில்லை. உயிர்த்தெழும் வானரனுக்கு மறுநாள் பசிக்குமே என்பதுவரை நினைத்தவர், தந்தையின் திறத்தில் கேட்டது உயிரை அன்று. இருப்பவர்மேல் அவர் விட்டுச்சென்ற சினம் நீங்குவதை.

வன்னேரிச் சித்திரகூடமும் கொச்சி மன்னர்களிடம் திரும்பவில்லை. 1949 ஜூலை 1 அன்று கொச்சி, திருவிதாங்கூருடன் இணைந்தது. முடியும் முடிசூட்டும் முடிந்தன. 1956 நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் உருவானபோது, சாமூதிரியின் கோழிக்கோடும், வன்னேரியும், மட்டாஞ்சேரியும் ஒரே மாநிலத்தின் ஊர்களாயின. எந்த மன்னரும் மீட்காத எல்லை, மன்னர்கள் இல்லாத காலத்தில் இல்லாமலே போயிற்று.

அன்று மாலை பாராயணத்தில், இராவணன் உடல்களைக் கடலில் எறியச் சொன்ன பகுதியை மட்டும் மீண்டும் எடுத்துக்கொண்டேன். அரண்மனையைப் பற்றியோ கல்லைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. "விழுந்தவர்களை அங்கேயே விட்டிருந்தால் அவர்களும் எழுந்திருப்பார்களோ என்னவோ" என்று மட்டும் சொல்லி நிறுத்தினேன்.

தமக்கையார் நெடுநேரம் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பியிடம், "அவன் படம் எந்த அலமாரியில் இருக்கிறது?" என்று கேட்டார். அன்பர் எழுந்து சென்று எடுத்து வந்து அவர் மடியில் வைத்தார். முந்தானையால் அதன் தூசியைத் துடைத்தபடி, மகனின் பெயரைச் சொல்லி, அவன் சிறுவயதில் மழைநாளில் பள்ளிக்குப் போக அழுத கதையைத் தொடங்கினார். பிறகு இன்னொன்று; அதன்பின் மற்றொன்று. வீட்டார் ஒவ்வொருவரும் தமக்கு நினைவிருந்ததைச் சொல்லத் தொடங்கினார்கள். அன்றைய பாராயணம் முடியவில்லை. விட்ட ஸர்க்கத்தை மறுநாள் சேர்த்து வாசித்தோம்.