தபாலில் வரும் பொய் விலைச்சிட்டைகள்

பெரும்போக வேளாண்மை வெட்டிச் சூடடித்து, நெல் விற்ற பணம் கைக்கு வரும் மாசி, பங்குனி மாதங்களில், தபாற்காரர் கொணரும் உறைகளைக் கமக்காரர்கள் நிதானமாகப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். பசளைக் கடன், உழவு இயந்திரக் கூலி, களைநாசினி விலை எனப் பல கணக்குகள் தீர்க்கப்படும் காலம் அது. பத்து உண்மைச் சிட்டைகளின் நடுவே வாங்காத பொருளுக்கான ஒரு சிட்டை நுழைந்துவிட்டால், நெல்லிடையே நிற்கும் கோழிச்சூடன் போல அஃது எளிதிற் கண்ணுக்குத் தெரியாது.

தனிக் குடும்பங்களைக் காட்டிலும், கணக்கு வைத்து நடத்தும் இடங்களையே இம்மோசடி நாடும். கமக்காரர் அமைப்புகள், விதைநெல் உற்பத்தி செய்வோர், பீடைகொல்லிக் கடைகள், மரக்கறி மொத்த வியாபாரிகள் ஆகியோர் கவனமாயிருத்தல் வேண்டும். காரணம் எளிது. பொருளைக் கேட்பவர் செயலாளர். பணம் கொடுப்பவர் பொருளாளர். ஒருவர் கேட்டிருப்பார் என மற்றவர் எண்ணிக்கொள்கிறார். தொகையும், கூட்டம் கூட்டி விசாரிக்கத் தோன்றாத அளவிற் சிறிதாகவே இருக்கும்.

சில சிட்டைகள் வர்த்தகக் கைநூல் ஒன்றிற் பெயர் பதிந்தமைக்கெனப் பணம் கேட்கும். அடியில் மிகச் சிறிய எழுத்தில், இது வெறும் விளம்பர அழைப்பே என்று அச்சிட்டிருப்பதும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய தாளைத் தபாலில் அனுப்புவோர், ‘இது விலைச்சிட்டை அன்று’ என்பதைத் தெளிவாக அச்சிடவேண்டுமெனச் சட்டமே உண்டு. வேறு சில, அரசாங்க இலச்சினை போன்ற ஒன்றைத் தாங்கிப் பதிவைப் புதுப்பிக்கப் பணம் கேட்கும். இவற்றைக் கமநல சேவை நிலையத்திலோ பிரதேச செயலகத்திலோ நேரிற் காட்டி விசாரித்தல் போதும்.

மிகக் கொடியது மூன்றாம் வகை. நாம் வழக்கமாகக் கொள்வனவு செய்யும் கடையின் பெயரிலேயே கடிதம் வரும். வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் புதிய கணக்கில் இடுக என்று சொல்லும். 2013 முதல் 2015 வரை கூகிள், பேஸ்புக் ஆகிய பெரும் நிறுவனங்கள், தமக்குப் பொருள் வழங்கும் ஆசியக் கம்பனியின் பெயரைப் பூண்ட ஒருவனின் பொய்ச் சிட்டைகளை நம்பி 10 கோடி டொலருக்கு மேல் செலுத்தின. லித்துவேனியாவைச் சேர்ந்த அவனுக்கு 2019இல் ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. படித்த கணக்காளர் பலரைக் கொண்ட நிறுவனங்களுக்கே இந்நிலையெனில், தம்பலகாமத்துப் பொருளாளரைக் குறைகூற இடமில்லை.

எழுத்துப் பிழையையும் அலட்சியம் செய்யலாகாது. 2016 பெப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கியின் பெயரில் அனுப்பப்பட்ட பொய்க் கட்டளைகளுள் ஒன்று, 2 கோடி டொலரை இலங்கைக்கு அனுப்பச் சொன்னது. ‘பவுண்டேசன்’ என்னும் சொல் அதிற் ‘பண்டேசன்’ எனப் பிழைபட்டிருந்தமையால் இடையிலிருந்த வங்கி ஐயுற்று விளக்கம் கேட்டது, அத்தொகை தப்பியது.

ஆதலின், பொருள் கேட்டு எழுதிய கடிதத்தின் பிரதி, பொருள் வந்தபோது இட்ட கையொப்பம், விலைச்சிட்டை ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்து ஒப்பிட்ட பின்னரே பணம் கொடுத்தல் வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையாயின் அவசரம் வேண்டாம். கணக்கு மாறியதாகக் கடிதம் வந்தால், அக்கடிதத்திலுள்ள தொலைபேசி எண்ணை நம்பாது, பழைய பற்றுச்சீட்டிலுள்ள எண்ணுக்கே பேசுக. ‘ஏழு நாளுக்குள் செலுத்தாவிடில் வழக்கு’ என்ற மிரட்டலுக்கு அஞ்சவேண்டாம். உண்மையான கடைக்காரர் விசாரணைக்கு விடை கூறுவார்.

சந்தேகமான சிட்டையைக் கிழித்தெறிதல் நம்மவரிற் பலரின் வழக்கம். அது கூடாது. உறையையும் சேர்த்து வைத்திருங்கள். தபால் முத்திரை எவ்வூரில், எந்நாளில் இடப்பட்டதென்பது விசாரணைக்கு உதவும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வியாபாரிகள் பிழையாக வழிநடத்தும் செயல்களில் ஈடுபடுவதைத் தடை செய்கிறது. அச்சபைக்கு 1977 என்ற எண்ணில் அறிவிக்கலாம். ஏமாற்றிப் பணம் பெறுதல் தண்டனைச் சட்டக்கோவையின் 403ஆம் பிரிவின்படி குற்றமாதலின், பொலிஸ் நிலையத்திலும் முறையிடலாம்.

பணம் ஏற்கெனவே சென்றுவிட்டதாயின் வெட்கித் தாமதியாது, அன்றே வங்கி முகாமையாளரைக் காணுக. காசோலை மாற்றப்படாதிருந்தால் நிறுத்திவைக்கலாம். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியைக் கேட்டு வாங்கி, அமைப்பின் அடுத்த கூட்ட அறிக்கையுடன் சேர்த்து வைத்தல் வேண்டும். அதே தாள் அயற்கிராமத்து அமைப்புக்கும் வந்திருக்கக்கூடும்.