பின்னூட்டம்: சொல்லும் பயனும்

'ஃபீட்பேக்' என்னும் சொல் இன்று அலுவலகம், பள்ளி, மருத்துவமனை, உணவகம் என எங்கும் வழங்குகின்றது. பயிற்சி வகுப்பு முடிந்ததும் ஒரு படிவம் தரப்படுகின்றது. வந்தவர்கள் 'நன்று' என்னும் கட்டத்தில் குறியிட்டுக் கொடுத்துவிட்டு விடைபெறுகின்றனர். படிவங்கள் அலமாரியை அடைகின்றன. அடுத்த வகுப்பும் முன்போலவே நடைபெறுகின்றது. கருத்துக் கூறப்பட்டது என்னவோ உண்மை. ஆனால் அது பின்னூட்டம் ஆயிற்றா? இவ்வினாவிற்கு விடை காண, அச்சொல்லின் பொருளை அது தோன்றிய துறையிலேயே அறிதல் நலம்.

சொல் பிறந்த இடம்

இச்சொல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வானொலிப் பொறியியலில் வழக்கிற்கு வந்தது. ஒரு கருவி வெளியிடுவதில் ஒரு பகுதியை மீண்டும் அக்கருவிக்கே உள்ளே செலுத்துவதை அது குறித்தது. தமிழில் இதனைப் 'பின்னூட்டம்' என்பர். ஊட்டம் என்பது உண்பவனின் உடலில் கலந்து வலிமையாக மாறுவது. எதிரொலியும் திரும்பி வருவதே. ஆயினும் அது குரல் கொடுத்தவனை மாற்றுவதில்லை. திரும்பி வந்து, உள்ளே சென்று, அடுத்த செயலை மாற்றுவதே பின்னூட்டம்.

1948-இல் நார்பர்ட் வீனர் என்னும் கணித மேதை 'சைபர்நெட்டிக்ஸ்' என்ற நூலில், இயந்திரம், உயிருடல் இரண்டிலும் இதே நெறி செயற்படுவதை விளக்கினார். உடல் சூடேறினால் வியர்வை தோன்றிக் குளிர்விக்கின்றது. குளிர்ந்தால் நடுக்கம் தோன்றி வெப்பமூட்டுகின்றது. காலப்போக்கில் இச்சொல் நிர்வாகத்திற்கும் கல்விக்கும் பரவியது.

இரு வகைகள்

விழா மேடையில் ஒலிபெருக்கியின் அருகே மைக் வைக்கப்பட்டால் காதைத் துளைக்கும் கீச்சொலி எழும். ஒலிபெருக்கியின் ஓசை மைக்கிற்குள் புகுந்து, பெருகி, மீண்டும் புகுந்து, மேலும் பெருகுகின்றது. இது நேர்ப் பின்னூட்டம். உள்ளதையே வளர்த்துக்கொண்டு போவது இதன் இயல்பு. புகழ்ச்சியை மட்டுமே கேட்டுப் பழகியவரின் நிலையும் இத்தகையதே.

எதிர்ப் பின்னூட்டமோ மிகையைக் குறைத்து நிலைப்படுத்துகின்றது. அமெரிக்கத் தொலைபேசிப் பொறியாளர் ஹெரால்டு பிளாக், நெடுந்தூரக் கம்பிகளில் குரல் சிதைவதைத் தடுக்கப் பல ஆண்டுகள் முயன்றார். 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஹட்சன் ஆற்றைப் படகில் கடக்கும்போது அவருக்கு விடை தோன்றியது. பெருக்கியின் வெளியீட்டில் ஒரு பகுதியை எதிர்நிலையில் திருப்பி உள்ளே செலுத்தினால் சிதைவு நீங்கும். ஆனால் பெருக்கி தன் ஆற்றலில் பெரும்பகுதியை இழக்க வேண்டும். உரத்த தன்மையை விட்டுக்கொடுத்துத் தெளிவைப் பெறுவதே அவர் கண்ட வழி. திருத்தத்தை ஏற்பவரும் தம் பெருமையில் சிறிது இழந்தே தெளிவைப் பெறுகின்றார் அன்றோ!

பெங்களூரு கண்ட பாடம்

ஒரு பெருநகரமே இவ்வுண்மையைச் சோதித்துப் பார்த்தது. அன்று பெங்களூர் என வழங்கிய அந்நகரில் 1993-இல் பொருளாதார அறிஞர் சாமுவேல் பால் தலைமையில் ஒரு சிறு குழு, நடுத்தரக் குடும்பத்தினரையும் குடிசைப் பகுதி மக்களையும் சந்தித்தது. குடிநீர், மின்சாரம், தொலைபேசி, மாநகராட்சிப் பணிகள் முதலியவை நிறைவளிக்கின்றனவா, கையூட்டுக் கொடுக்க நேர்ந்ததா என்று கேட்டது. 1994-இல் விடைகள், பள்ளி மாணவரின் மதிப்பெண் அட்டை போன்று, 'குடிமக்கள் மதிப்பீட்டு அட்டை' என வெளியிடப்பட்டன. நாளிதழ்களும் அவற்றை மக்களிடம் கொண்டு சென்றன.

முடிவுகள் கசப்பானவை. வீட்டுமனைகள் ஒதுக்கும் பெங்களூர் வளர்ச்சி ஆணையத்தின் பணியில் முழு நிறைவு தெரிவித்தோர் நூற்றுக்கு ஓரிருவரே. நிறுவனங்களுள் கடைநிலை அதற்கே கிட்டியது. எனினும் முதலில் விழித்துக்கொண்டதும் அந்த ஆணையமே. தன் நடைமுறைகளை ஆராய்ந்தது. கீழ்நிலை ஊழியர்களுக்குப் பயிற்சி அளித்தது. ஏனைய பல நிறுவனங்கள் அட்டையைக் கண்டும் அசையவில்லை.

1999-இல் இரண்டாவது அட்டை வெளிவந்தபோது முன்னேற்றம் ஓரளவே காணப்பட்டது. கையூட்டோ குறையவில்லை. அதன்பின் மாநில அரசு நகர முன்னேற்றத்திற்கென ஒரு பணிக்குழுவை அமைத்தது. நிறுவனத் தலைவர்கள் தாம் செய்ய இருப்பதையும் செய்து முடித்ததையும் மக்கள் மன்றத்தில் எடுத்துரைக்கும் நிலை உருவாயிற்று. 2003-இல் வந்த மூன்றாவது அட்டையில் நிறைவு தெரிவித்தோர் தொகை வெகுவாக உயர்ந்திருந்தது, கையூட்டும் குறைந்திருந்தது.

பத்தாண்டுகளும் கேட்கப்பட்ட வினாக்கள் ஏறத்தாழ ஒன்றே. உள்வாங்கும் மனமும் தொடர்ந்து நினைவூட்டும் குரலும் இணைந்தபோதே கருத்து ஊட்டமாயிற்று.

தருவதும் பெறுவதும்

பின்னூட்டம் தருபவர் கருத்தில் கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, அது செயலைச் சுட்ட வேண்டுமேயன்றி ஆளைச் சுடக் கூடாது. 'நீ சோம்பேறி' என்னும் சொல்லால் எதையும் திருத்த இயலாது. 'இக்கணக்கில் மூன்றாம் வரி தவறு' என்பதால் இயலும். இரண்டாவது, அது காலத்தே சேர வேண்டும். குளியலறைக் குழாயில் வெந்நீர் தாமதமாக வருமாயின், திருகியவர் மேலும் திருகிச் சுட்டுக்கொள்வார். காலந்தாழ்ந்த திருத்தம் அவ்வாறே மனிதரை அலைக்கழிக்கும். மூன்றாவது, அது மாற்றும் பொறுப்பும் வாய்ப்பும் உடையவரையே அடைய வேண்டும். மற்றவரிடம் சொன்னால் அது புறங்கூறலாகும்.

பெறுபவர் செய்ய வேண்டியது ஒன்றே. சொன்னவர் யார் என்று ஆராயுமுன், சொல்லில் உண்மை உள்ளதா என்று ஆராய்தல். கடிந்துரைக்கும் பெரியோரைத் துணையாகக் கொள்ளாத அரசனை அழிக்கப் பகைவரே தேவையில்லை என்பது திருக்குறளின் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரம் உணர்த்தும் உண்மை. ஆதலின் குறை கூறுவோரைத் தேடிச் சென்று கேட்பதே அறிவுடைமை.

கடைநிலை பெற்றும் முதலில் எழுந்த அந்த ஆணையம் இதற்குச் சான்று. மதிப்பெண் குறைந்ததில் இழிவில்லை. அட்டையை அலமாரியில் பூட்டி வைப்பதே இழிவு.