மீண்டும் எழுந்த மனைகள்

கச்சு என்பது குஜராத் மாநிலத்தின் மேற்கெல்லையில் உள்ள வறண்ட நிலம். 2001ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26ஆம் நாள், குடியரசு நாள் விழா நிகழ்ந்த காலை வேளையில், அங்கே நிலம் நடுங்கிற்று. கல்லும் மண்ணும் கொண்டு எழுப்பிய இல்லங்கள் நொடிப்பொழுதிற் சரிந்தன. ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். வீடிழந்தோர் கூடாரங்களில் ஒதுங்கினர்.

ஊர்களை வேறிடத்தில் அமைக்கலாம் என்னும் எண்ணம் முதற்கண் எழுந்தது. ஆயினும், வயலையும் கிணற்றையும் விட்டு அகலப் பெரும்பாலான ஊரார் உடன்பட்டிலர். ஆதலின், அரசு பொருளுதவியைத் தவணை முறையில் வீட்டுக்குரியோரிடமே வழங்கிற்று. அவர்கள் தத்தம் மனையிலே தாமே முன்னின்று வீடு கட்டினர். ஒவ்வொரு நிலையிலும் பொறியாளர் ஆராய்ந்து சான்றளித்த பின்னரே அடுத்த தவணை கிடைத்தது. அடித்தளத்தின் மேலும், கதவு சன்னல்களின் மேலும், கூரையின் கீழும், இரும்புக் கம்பி பொதிந்த கற்காரைப் பட்டை சுவரைச் சுற்றி அமைதல் வேண்டும் என்பது விதி. பெட்டியைக் கயிற்றால் இறுகக் கட்டினாற்போல, அது சுவர்களைப் பிரியவொட்டாமற் காக்கும். இங்ஙனம் அம்மாநிலத்தில் ஏறத்தாழ 2 இலட்சம் வீடுகள் எழுந்தன.

மாணவர்களே! பிறர் கட்டித் தந்த வீட்டில் வாழ்வோர் அப்பட்டை எதற்கென்று அறியாதிருக்கலாம். தாமே கட்டியவரோ அறிவர். பின்னாளில் ஓர் அறை சேர்க்கும்போதும் அதனை மறவார். நிலைத்த வீட்டிற்குக் கல்லினும் அறிவே உறுதியான அடித்தளமாகும்.