ஒருமுறைப் பொருளும் இராமேசுவரக் கடலும்

மக்கள் தம் வாழ்க்கைக்குக் கொள்ளும் பொருள்கள் இருவகைப்படும். பன்னாள் பயன்பட்டுத் தேய்ந்தொழிவன ஒருவகை. ஒருமுறை பயன்பட்டவுடன் எறியப்படுவன மற்றொருவகை. நம் முன்னோரும் ஒருமுறைப் பொருளை அறிந்தவரே. வாழையிலையும், பதநீர் பருகும் பனையோலைப் பட்டையும் அத்தகையன. ஆயினும் அவை எறிந்த இடத்திலேயே மட்கி மண்ணாயின. இக்காலத்துப் பிளாஸ்டிக் பையும் குவளையும் அங்ஙனம் ஆவதில்லை. சிறுபொழுதுக்கு வேண்டிய கருவியை நெடுங்காலம் அழியாத பொருளால் செய்தமையே இத்தொல்லைக்கு வேராகும். இதனை இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

பைகள் பெரும்பாலும் பாலிதீன் என்னும் பொருளால் ஆனவை. 1933-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், வேறோர் ஆராய்ச்சியின் இடையே தற்செயலாக இது கிடைத்தது. நாம் இன்று காணும் கைப்பிடியுடைய பை 1960-களில் சுவீடன் நாட்டில் தோன்றியது. நீர் புகாமை, எடையின்மை, விலைமலிவு ஆகிய குணங்களால் அது உலகெங்கும் பரவிற்று. வெயிலும் அலையும் தாக்க அது நொறுங்கித் துகளாகும்; அத்துகளும் பிளாஸ்டிக்கே. ஆகவே நம் கண்ணுக்கு மறைந்த பின்னரும் அது நீரினின்று நீங்குவதில்லை.

இராமேசுவரம் ஒரு தீவு. 1914-ஆம் ஆண்டில் முதல் ரயில் பாலமும், 1988-ஆம் ஆண்டில் சாலைப் பாலமும், 2025-ஆம் ஆண்டில் புதிய ரயில் பாலமும் அதனைப் பெருநிலத்தோடு இணைத்தன. யாத்திரிகரும் அவர்க்கு வேண்டிய பண்டங்களும் பாலத்தின் வழியே வருகின்றனர். உள்நாட்டு ஊரார் குப்பையை ஊர்ப்புறத்தே கொட்டிக் கண்மறைவாக்குவர். தீவினர்க்கு ஊர்ப்புறம் என்பது கடலே. எரித்தால் நச்சுப்புகை எழும். மணலிற் புதைத்தால் காற்று மணலை வாரிச் செல்ல மீண்டும் வெளிப்படும். வாடைக் காலத்தில் ஒருபுறமும், கோடைக் காலத்தில் மற்றொருபுறமுமாகக் காற்று அதனைக் கடலுக்குத் தள்ளும். ஆகவே பாலத்தைக் கடந்து வந்த பை அப்பாலத்தையே மீளக் கடத்தல் வேண்டும். அன்றேல் அது கடலைச் சேரும்.

அக்கடல் எத்தகையது? பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த நீரையும் 1986-ஆம் ஆண்டில் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அரசினர் அமைத்தனர். அவற்றுள் பாம்பனை அடுத்த குருசடைத் தீவு விலங்கியல் மாணாக்கர்க்குப் பழகிய பெயர். அத்தீவின் கரையோர உயிர்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927-ஆம் ஆண்டிலேயே தனி நூல் வெளியிட்டது. அங்குள்ள பவளப்பாறைகள் மீன்களுக்குப் புகலிடம். ஆகவே மீனவர்க்குச் சோறு. 2018-ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' என்னும் இதழில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. ஆசிய பசிபிக் பகுதியில் 159 பவளப்பாறைகளை நோக்கிய அறிஞர், பிளாஸ்டிக் படாத பவளம் நோயுறும் வாய்ப்பு நூற்றுக்கு 4 ஆக, பட்ட பவளம் நோயுறும் வாய்ப்பு 89 ஆக உயர்தலைக் கண்டனர். இனி, மிதக்கும் பையைச் சொறி என்று மயங்கி ஆமை விழுங்குவதும் உண்டு. அதே கடலடியில் மூழ்கிப் பாசி எடுத்துக் குடும்பம் புரக்கும் பெண்களும் இக்கரையில் உளர். கடலடியின் நலிவு அவர்தம் அடுப்பையும் நலியச் செய்யும்.

தமிழ்நாட்டரசு 2018-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருள்களை விலக்கியது. பையும் உறிஞ்சுகுழலும் மட்டுமன்றி, உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் அப்பட்டியலில் உண்டு என்பதைப் பலர் அறியார். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கிற்று. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுதும் சில ஒருமுறைப் பொருள்கள் தடுக்கப்பட்டன. எனினும் ஆணை விற்போரைத் தடுக்குமேயன்றி, வெறுங்கையோடு கடைக்குச் சென்று பை கேட்போரைத் தடுக்கமாட்டாது.

ஆதலின் நாம் செய்யத்தக்கது யாது? பொறுக்குதலினும் வாங்காமை முந்தியது. மீன் வாங்கச் செல்வோர் பாத்திரம் கொண்டு செல்க. பை தராவிடில் விலை போகாதே என்று அஞ்சும் ஏழை மீன்காரியின்மேல் இச்சுமையை ஏற்றுதல் முறையன்று. அது வாங்குவோர் கடமை. இராமநாதபுரச் சீமை பனைக்குப் பெயர்பெற்றது. பெட்டி, கொட்டான், கடகம், மீன்பறி எனப் பலவகைக் கலங்களை அதன் ஓலை தருகின்றது. அவற்றை விலைகொடுத்து வாங்கின் முடைவோர் கைத்தொழிலும் நிலைக்கும். துணிப்பைக்கும் ஒரு வரம்பு உண்டு. பருத்தி விளைவிக்க நீரும் உழைப்பும் செலவாதலின், ஒரே பையைக் கிழியுந்துணையும் ஆளுவதே பயன். விழாதோறும் புதுப்பை பெற்றுக் குவித்தல் பயனன்று. தண்ணீர்ப் போத்தல் கடிய இடர். உவர்நீர் மிகுந்த சீமையில் வழிப்போக்கர் வேறென் செய்வர்? நல்ல குடிநீரைப் பொதுவிடங்களில் ஊற்றித் தருவார் உளராயின், செம்பு கொண்டு வருவாரும் உளராவர். பழைய தண்ணீர்ப்பந்தலின் அறம் இதுவே.

மாணாக்கர் இப்பாடத்தை ஏட்டில் நிறுத்தலாகாது. விடுமுறையில் வீடு சென்றதும், ஏழு நாள் வீட்டினின்று எறியப்படும் ஒருமுறைப் பொருள்களை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுக. ஒவ்வொன்றின் எதிரே அது பயன்பட்ட நிமிடங்களைக் குறிக்க. பின்னர், எவற்றிற்கு மாற்று வீட்டிலேயே உண்டு, எவற்றிற்குக் கடையில் உண்டு, எவற்றிற்கு இன்னும் இல்லை என மூன்றாகப் பிரிக்க. முதல் வகையை அன்றே விடுக. இரண்டாம் வகையை அம்மாதத்துள் விடுக. மூன்றாம் வகையைக் கல்லூரி திறந்ததும் ஆசிரியரோடும் தோழரோடும் கூடி ஆராய்க. இம்மூன்றாம் வகைக்கு மாற்றுக் காண்பதே நம் வேதியியல், பொருளியல் மாணாக்கர்க்குக் காத்திருக்கும் பணியாகும்.